எந்தப் பறவைக்காக விதைக்கிறீர்கள்?

சென்ற இதழில் அயோவாவின் பிரெய்ரி புல்வெளிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் நடுமாநிலங்களில் வீடும் கொஞ்சம் நிலமும் வாங்கியிருக்கும் நம்மவர்கள் எழுதியவை. "அந்தப் புல்லை எங்கள் இடத்தில் வளர்த்தால் பறவைகள் வருமா?" என்று ஏறக்குறைய எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். வரும். எதை, எப்படி வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்து வரும். கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: சிகாகோவுக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் வாங்கியிருக்கிறோம். முன்பு மக்காச்சோளம் போட்ட நிலம். பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் வரும்படி உள்ளூர்ப் புல் வளர்க்க ஆசை. எந்தப் புல்லில் தொடங்கலாம்? (வாசகி, டிகால்ப், இல்லினாய்ஸ்)

புல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், அங்கே யார் குடிவர வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் புல் தானாக முடிவாகிவிடும்.

விதைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கலவையில் பெரும்பாலும் மூன்று புற்கள் இருக்கும்: பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், ஸ்விட்ச்கிராஸ். மூன்றும் ஆளுயரத்தைத் தாண்டி வளரும். செப்டம்பரில் காற்றடிக்கும்போது பார்க்க மனசு நிறையும். ஆனால் சின்ன இடத்தில் இவற்றை நெருக்கமாக விதைத்தால் சில வருடங்களில் பூச்செடிகளை அமுக்கிவிடும். பூ போனால் பூச்சி போகும். பூச்சி போனால் குஞ்சுகளுக்கு இரை இல்லை. வருஷம் முழுக்க விதை தின்கிற குருவிகள்கூடக் குஞ்சுக்குப் புழுவையும் வெட்டுக்கிளியையும்தான் ஊட்டுகின்றன.

அதனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது லிட்டில் புளூஸ்டெம். இரண்டு மூன்றடி உயரம்தான். குத்துக் குத்தாக வளரும். கோடையில் நீலம் பூசிய பச்சை, பனிக்காலத்தில் செம்பு நிறம். முட்டி போட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து அந்தக் குத்துகளுக்கு நடுவே ஒரு தடவை பாருங்கள். மேலே இலைகள் ஒன்றோடொன்று சாய்ந்து கூரை போட்டிருக்கும். அதன் அடியில் வெறும் மண், ஒன்றிரண்டு காய்ந்த இலை, ஓர் எறும்பு வரிசை. பருந்தின் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. பாப்வைட் என்கிற உள்ளூர்க் காடையின் குஞ்சு முட்டையை விட்டு வந்த அன்றே நடக்கும். நம் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அந்த மண் சந்துதான் அதற்குத் தெரு. வீட்டு முன்னால் போடும் லான் புல்லும், மேய்ச்சலுக்குப் போடும் ஃபெஸ்க்யூ புல்லும் தரையை இடைவெளியில்லாமல் அடைத்துவிடும். அதற்குள் குஞ்சால் நடக்க முடியாது.

லிட்டில் புளூஸ்டெம்மோடு சைட் ஓட்ஸ் கிராமா, பிரெய்ரி டிராப்ஸீட் இரண்டையும் சேருங்கள். பிக் புளூஸ்டெம் ஒரு கைப்பிடி போதும். விதையில் பாதிக்குக் குறையாமல் பூச்செடிகள் இருக்கட்டும். மே முதல் அக்டோபர் வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும்படி பாருங்கள்: பேல் பர்ப்பிள் கோன்ஃபிளவர், பர்ப்பிள் பிரெய்ரி குளோவர், வைல்ட் பெர்கமாட், கடைசியில் கோல்டன்ராடும் ஆஸ்டரும். மில்க்வீட் கட்டாயம். அது நம் எருக்கின் உறவு. ஊரில் எருக்கஞ்செடியில் முட்டையிடும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிக்கு நெருங்கிய சொந்தமான மோனார்க், இங்கே மில்க்வீடில் மட்டும்தான் முட்டையிடும்.

எல்லாப் பறவைகளும் ஒன்றரை ஏக்கருக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அர்ஜென்டினா வரை போய்த் திரும்பும் பாபோலிங்க் பறவைக்கு மரமே கண்ணில் படாத பெரிய வெட்டவெளி வேண்டும். ஆனால் பம்பிள் தேனீக்களுக்கு உங்கள் இடம் தாராளம். அவற்றில் ராணி, எலி விட்டுப்போன பழைய பொந்தைத் தேடிப் புல்குத்தின் அடியில் கூடு போடுவதுண்டு. இல்லினாய்ஸில் இன்னும் காணக்கிடைக்கும் ரஸ்டி பேட்ச்டு பம்பிள் தேனீ, 2017-இல் அமெரிக்க அரசின் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்கள் பட்டியலில் சேர்ந்தது. உங்கள் மாநிலத்தில் ஒரு காலத்தில் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. கிராண்ட் டிடூர் என்ற ஊரில் ஜான் டீர் 1837-இல் எஃகுக் கலப்பை செய்தபிறகு, பசை போல் ஒட்டும் அந்தக் கரிய மண்ணை உழ முடிந்தது. இன்று நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது சுமார் 2,500 ஏக்கர். அப்படிப்பட்ட மாநிலத்தில் ஒன்றரை ஏக்கர் சின்ன விஷயமில்லை.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். முடிந்தால் பக்கத்து விவசாயியிடம் சொல்லி அடுத்த கோடையில் அங்கே சோயா போடச் சொல்லுங்கள். சோயா அறுத்த தரை சுத்தமாக, இறுக்கமாக இருக்கும். களை விதையும் குறைந்திருக்கும். நவம்பரில் உழாமல் அப்படியே மேலே விதையைத் தூவிவிடலாம். பனி உறைந்து உருகும்போது மண் வெடித்துச் சேரும். விதை தானாக உள்ளே இறங்கிவிடும். பூச்செடி விதைகள் பலவும் ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் முளைக்கும், அதற்கும் இதுதான் வழி. எங்கள் நிலத்திலும் சோயாத் தாளின் மேல்தான் விதைத்தோம்.

கேள்வி: போன வருஷக் கடைசியில் விதைத்தோம். இந்தக் கோடை முழுக்கக் களையைத் தவிர ஒன்றையும் காணோம். இவர் "எல்லாம் வீண், உழுதுவிட்டு மறுபடி போடலாம்" என்கிறார். என்ன செய்ய? (வாசகி, ஆங்கெனி, அயோவா)

தயவுசெய்து உழ வேண்டாம் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் புல் அங்கேதான் இருக்கிறது, மண்ணுக்கு அடியில்.

முதல் வருஷம் இந்தப் புற்கள் கிடைக்கிற சக்தியை எல்லாம் வேருக்குத்தான் அனுப்பும். மேலே நாலு அங்குல இலை தெரிந்தால் கீழே வேர் அதைவிட நீளமாக இறங்கியிருக்கும். வளர்ந்த பிக் புளூஸ்டெம்மின் வேர் எட்டடிக்கு மேல் போகும். நெப்ராஸ்காவில் ஜான் வீவர் என்ற தாவரவியலாளர் குழி தோண்டி, வேர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து வரைந்து வைத்த படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரருக்குப் பொறுமை வந்துவிடும்.

களைக்கு நடுவே நல்ல நாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? இலை தண்டைச் சந்திக்கிற இடத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். அங்கே அடர்த்தியாக, முக்கோணமாக முடி இருந்தால் ஸ்விட்ச்கிராஸ். விறைப்பான சின்ன சவ்வு இரண்டு முனைகளாகப் பிளந்து மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இந்தியன் கிராஸ். அடித்தண்டு உருண்டையாக இல்லாமல் தட்டையாக, நீலமோ ஊதாவோ கலந்திருந்தால் லிட்டில் புளூஸ்டெம். உங்கள் நிலத்தை மூடியிருப்பது அநேகமாக ஃபாக்ஸ்டெய்ல் களை. கதிரைப் பார்த்தால் உடனே தெரியும்: தினைக்கதிரின் சாயல் அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே பேரினம்தான். இது ஒரு வருஷச் செடி, பனி விழுந்ததும் செத்துவிடும். அது விதை போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதற்குக் களை ஓரடி உயரம் வந்தபோதெல்லாம் ஐந்தாறு அங்குலம் விட்டு மேலே வெட்டுங்கள். புல்நாற்று அதற்குக் கீழே இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, வெயிலும் கிடைக்கும். முதல் கோடை முழுவதும் இப்படித்தான். பூச்செடி நாற்றையும் சேர்த்து வெட்டுகிறோமே என்று கை தயங்கும். தயங்காதீர்கள், அதுவும் இந்த வருஷம் வேர்தான் விட்டுக்கொண்டிருக்கிறது. கனடா திஸில் என்கிற முள்செடி மட்டும் தெரிந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். வெட்டினால் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். அயோவா சட்டப்படி அதைக் கட்டுப்படுத்துவது நில உரிமையாளரின் பொறுப்பும்கூட.

யூரியாவோ வேறு உரமோ போடவே கூடாது. நைட்ரஜன் போட்டால் செழிப்பது களைதான். இந்தப் புற்கள் உரமே இல்லாமல்தான் அந்தக் கரிய மண்ணை உண்டாக்கின. அடுத்த கோடையில் அங்கங்கே பிளாக் ஐட் சூசன் மஞ்சளாகப் பூக்கும். மூன்றாம் கோடையில் புல் கதிர் விடும்.

கேள்வி: ஆகஸ்ட் கடைசியில் மேடிசன் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்துப் புல்வெளியில் நடந்தபோது கொத்தமல்லி வாசனை வந்தது. பிரமையா? (வாசகர், விஸ்கான்சின்)

பிரமையில்லை. அது பிரெய்ரி டிராப்ஸீட் பூத்த வாசனை. மல்லி விதையை வறுக்கும்போது வருவதற்கு மிகப் பக்கம். நீங்கள் நடந்தது கர்ட்டிஸ் பிரெய்ரியாக இருந்தால், அது 1930-களில் மனிதர்கள் திரும்ப உருவாக்கியது. இருக்கிற காட்டைக் காப்பாற்றுவதைப் பற்றியே எல்லோரும் பேசிய காலம் அது. அழிந்துபோன புல்வெளியைப் பழைய வயல்மேல் மறுபடி கொண்டுவருவதை முதன்முதலில் செய்து பார்த்த இடங்களில் அது முக்கியமானது. வீட்டு வாசலில் வைக்கவும் டிராப்ஸீட் ஏற்றது. முழங்கால் உயரம்தான், விதையைக் குருவிகள் தேடி வந்து தின்னும்.

கேள்வி: இங்கே ஏப்ரல் வந்தால் ஃபிளின்ட் ஹில்ஸ் முழுக்க நெருப்பு வைக்கிறார்கள். வானமே புகை. வனவிலங்குகளுக்காகப் புல் வளர்ப்பதாகச் சொல்லிவிட்டு எரிப்பது எனக்குப் புரியவில்லை. (மாணவர், மன்ஹாட்டன், கன்சாஸ்)

நியாயமான கேள்வி. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கான்ஸா பிரெய்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது, ஒரு தடவை போய்ப் பாருங்கள். சில பகுதிகளை வருஷா வருஷம், சிலவற்றை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நான்குக்கு ஒருமுறை, இருபதுக்கு ஒருமுறை என்று பிரித்து எரித்து, பல பத்தாண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நீண்டகாலம் தீ படாத பகுதி புல்வெளியாகவே இல்லை. புதரும் சிவப்பு சீடர் மரமும் ஏறிவிட்டன. மரம் வந்தால் பருந்து உட்கார இடம் கிடைக்கும், ரக்கூன் வந்து கூட்டைக் கலைக்கும், தரையில் முட்டையிடும் பறவைகள் வெளியேறிவிடும்.

புல் எரிந்தும் பிழைப்பது எப்படி என்றால், அதன் வளரும் முனை தரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. சீடர் மரத்துக்கு அப்படி இல்லை, ஒருதடவை கருகினால் மறுபடி துளிர்க்காது. கா, ஓசேஜ் போன்ற பூர்வகுடி மக்கள் இதை நன்கு அறிந்தே அந்த மண்ணில் தீ வைத்தார்கள். கருகிய இடத்தில் வரும் இளம்புல்லைத் தேடி பைசன் எருமைகள் வரும்.

ஆனால் உங்கள் மனக்குறையிலும் உண்மை இருக்கிறது. எல்லா நிலத்தையும் எல்லா வருஷமும் எரிப்பது தவறு என்பதுதான் என் கருத்தும். ஃபிளின்ட் ஹில்ஸில் மாட்டுக்கு நல்ல மேய்ச்சல் வேண்டும் என்பதற்காகப் பெரும் பரப்பு ஒவ்வொரு வசந்தத்திலும் எரிக்கப்படுகிறது. பிரெய்ரி கோழிக்கு முட்டையிடப் போன வருஷத்துக் காய்ந்த புல் வேண்டும். அந்த ஏப்ரலில் அது எங்கே போகும்? ஹென்ஸ்லோ குருவி எரிந்த நிலத்துக்கு அந்த வருஷம் வரவே வராது. தரையில் அடர்ந்த பழைய சருகு இருந்தால்தான் வரும். ரீகல் ஃப்ரிட்டிலரி பட்டாம்பூச்சியின் புழு, ஊசிமுனை அளவில் சருகுக்குள் பனிக்காலத்தைக் கழிக்கிறது. தீ வந்தால் அதற்குத் தப்ப வழி கிடையாது.

அதனால் வனவிலங்குக்காக வளர்ப்பவர்கள் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு வருஷத்தில் ஒரு பங்கை மட்டும் எரிப்பது நல்ல வழக்கம். புதிதாக எரிந்த இடம் ஒருவருக்கு, போன வருஷம் எரிந்தது இன்னொருவருக்கு, பழசு ஹென்ஸ்லோ குருவிக்கு. எரிந்த பங்கில் பூச்சிகள் செத்தாலும் பக்கத்துப் பங்கிலிருந்து திரும்பி வரும். ஒரு எச்சரிக்கை: அனுமதி, பயிற்சி பெற்ற ஆட்கள், தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல், சுற்றிலும் ஒட்ட வெட்டிய தடுப்புப் பாதை, இவை எதுவும் இல்லாமல் தீப்பெட்டியைத் தொடவே கூடாது. நகரத்தை ஒட்டி வீடு இருப்பவர்கள் எரிப்பதற்குப் பதிலாக வசந்தத் தொடக்கத்தில் ஒரு பங்கை வெட்டி, வெட்டியதை வாரி வெளியே போட்டால் ஓரளவுக்கு அதே பலன் கிடைக்கும்.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா (தாராபுரம் பக்கம்) இங்கே சாலையோரப் புல்லைப் பார்த்துவிட்டு "இது நம்ம கொழுக்கட்டைப் புல்லாச்சே" என்கிறார். பூங்கா ஊழியர்களோ அதற்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. (வாசகி, சான் அன்டோனியோ, டெக்சஸ்)

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நானும் காங்கேயம் பக்கத்துக்காரி. எங்கள் தாத்தாவின் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல் நிற்கும். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல் மரங்கள், மழையே இல்லாத வருஷத்திலும் மாட்டுக்குத் தீனி. காங்கேயம் மாடு அந்தப் புல்லில்தான் வளர்ந்தது. அங்கே அது மண்ணின் புல். அதைத் தின்னும் பூச்சி, மேயும் ஆடுமாடு, இடையில் வளரும் பிற செடிகள் எல்லாம் நெடுங்காலமாகச் சேர்ந்தே வாழ்ந்துவருகின்றன.

டெக்சஸுக்கு இந்தப் புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1940-களில் மேய்ச்சலுக்கென்று அரசே கொண்டுவந்து பரப்பியது. இங்கே அதன் பெயர் பஃபல் கிராஸ். (எருமையின் பெயரில் உள்ள பஃபலோ கிராஸ் வேறு, அது இந்த மண்ணுக்கே உரிய நல்ல குட்டைப் புல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வறட்சியைத் தாங்கும் அதே குணம் இங்கே தொல்லையாகிவிட்டது. உள்ளூர்ப் புல்லையும் பூச்செடியையும் தள்ளிவிட்டுத் தான் மட்டும் நெருக்கமாக நிற்கிறது. அந்தப் பரப்பில் பூச்சிகள் குறைவு, அதனால் பறவைகளும் குறைவு. அரிசோனாவில் நிலைமை இன்னும் மோசம். செடிகளுக்கு நடுவே வெறும் மண் இருந்ததால் அந்தப் பாலைவனத்தில் தீ பரவியதில்லை. இந்தப் புல் இடைவெளியை அடைத்துவிட்டதால் இப்போது தீ பரவுகிறது. நூறு வருஷத்துக்கு மேல் நின்ற சவாரோ கள்ளிகள் கருகுகின்றன. தூசான் நகரில் தன்னார்வலர்கள் கடப்பாரையோடு மலை ஏறி அதைப் பிடுங்குகிறார்கள்.

நம் ஊரில் சீமைக்கருவேலம் செய்ததை அப்பாவுக்கு நினைவுபடுத்தினால் உடனே புரிந்துகொள்வார். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து அங்கே போனது.

உங்கள் தோட்டத்துக்கு சைட் ஓட்ஸ் கிராமா வையுங்கள். டெக்சஸின் மாநிலப் புல் அதுதான். கதிரில் மணிகள் ஒரே பக்கமாகத் தொங்கும். பூக்கும் நாளில் கிட்டே போய்ப் பாருங்கள், ஆரஞ்சு நிற மகரந்தப் பைகள் காற்றில் ஆடும். லிட்டில் புளூஸ்டெம்மும் அங்கே நன்றாக வரும். ஆனால் "கேஆர் புளூஸ்டெம்" என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். பெயரில் புளூஸ்டெம் இருந்தாலும் அது ஆசியப் புல், அங்கே பஃபலுக்கு அடுத்த தொல்லை. விதையும் வடக்கிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. கிங்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தென் டெக்சஸின் காட்டு விதைகளையே சேகரித்துப் பெருக்கி விவசாயிகளுக்குக் கிடைக்கச் செய்யும் ஒரு திட்டம் நடக்கிறது. அந்த வழியில் வரும் விதையைத் தேடி வாங்குங்கள்.

கேள்வி: இந்தப் புல் விதையைக் கொஞ்சம் கவரில் போட்டு அனுப்ப முடியுமா? தோட்டத்தில் ஓரமாகப் போட்டுப் பார்க்கிறேன். (வாசகர், கோவை)

முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். விதையை நாடு விட்டு நாடு அனுப்ப இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அனுப்ப மாட்டேன், காரணம் மேலே டெக்சஸ் வாசகிக்குச் சொன்னதேதான். உங்கள் ஊரிலிருந்து காங்கேயம் பக்கம்தான். புரட்டாசி மழைக்குப் பிறகு ஏதாவது ஒரு கொரங்காட்டில் போய் நில்லுங்கள். அங்கேயே விதையும் கிடைக்கும், அதை வளர்க்கத் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள்.

கேள்வி: முன்பக்கம் பிரெய்ரி செடி போட்டோம். புல் எட்டு அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது என்று நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தினர் பாம்பு வரும், உண்ணி வரும் என்கிறார்கள். (வாசகர், ஒஹாயோ)

நோட்டீஸுக்கு முதலில் எழுத்தில் பதில் கொடுங்கள்: இது கவனிக்காமல் விட்ட புல் இல்லை, திட்டமிட்டு நட்ட உள்ளூர்ச் செடிகள் என்று செடிகளின் பட்டியலோடு எழுதுங்கள். பல ஊர்களில் இதற்கு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள், அல்லது கேட்டால் கொடுக்கிறார்கள். அப்புறம் நடைபாதையை ஒட்டி மூன்றடி அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி விடுங்கள். அந்த ஒரு பட்டை வெட்டியிருந்தாலே "இங்கே ஒருவர் கவனிக்கிறார்" என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும், பாதிப் புகார் நின்றுவிடும். முன்பக்கத்தில் உயரமானவை வேண்டாம். டிராப்ஸீட், லிட்டில் புளூஸ்டெம் போதும். சின்னதாக ஒரு பலகையும் வையுங்கள்.

பாம்பு வந்தால் அநேகமாகக் கார்ட்டர் பாம்பாக இருக்கும், மண்புழுவும் தவளையும் தின்னும், ஆளைக் கண்டால் ஓடிவிடும். உண்ணி விஷயத்தில் அக்கம்பக்கத்தினர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். உண்ணி கடித்தால் வரும் லைம் நோய் பொய்யில்லை. நடக்கிற பாதையை அகலமாக வெட்டி வையுங்கள், புல்லுக்குள் போனால் பேன்ட்டைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள், வந்ததும் குழந்தைகளின் காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால் பாருங்கள். நாங்கள் வீட்டில் கோடை முழுக்க இதைச் செய்கிறோம்.

கேள்வி: முதலீடாக அயோவாவில் 80 ஏக்கர் வாங்கிக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். முழுவதையும் புல்லாக்க வசதிப்படாது. கொஞ்சமாகச் செய்தால் பயன் உண்டா? (வாசகர், நியூ ஜெர்சி)

நிறையவே உண்டு. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பிரெய்ரி சிட்டி அருகேயுள்ள நீல் ஸ்மித் வனவிலங்குக் காப்பகத்தில் 2007 முதல் செய்த ஆய்வு இதைப் பற்றியதுதான். வயலில் பத்தில் ஒரு பங்கை மட்டும், சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரெய்ரிச் செடிகளாக்கினார்கள். வயலிலிருந்து அடித்துச்செல்லப்படும் மண் 95 சதவீதம் குறைந்தது. விறைப்பான தண்டுகள் மழைநீரின் வேகத்தை உடைத்துவிடுகின்றன. பறவைகளும் மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகளும் பெருகின. உங்கள் நிலத்தில் அது 8 ஏக்கர். 2018 வேளாண் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பட்டைகளுக்கு மத்திய அரசின் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் வாடகை மாதிரி பணமும் கிடைக்க வழி வந்திருக்கிறது. மாவட்ட வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். குத்தகைதாரரிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள்: பட்டையின் மேல் களைக்கொல்லி படக் கூடாது, டிராக்டர் திருப்ப அந்த இடத்தைப் பயன்படுத்தக் கூடாது, மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை வெட்டக் கூடாது. அந்த மாதங்களில் உள்ளே கூடு இருக்கும். எங்கள் பட்டையில் டிக்சிசெல் பறவை கூடு கட்டுகிறது. வெனிசுலாவிலிருந்து வந்து, காம்பஸ் செடியின் தண்டு உச்சியில் உட்கார்ந்து, ஜூலை வெயிலில் மற்ற பறவைகள் எல்லாம் அடங்கியபிறகும் கூவிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பனிக்காலத்துக்கு முன் காய்ந்த தண்டுகளை வெட்டிச் சுத்தம் செய்யலாமா? (வாசகி, ஒமாஹா)

வேண்டாம். வடக்கிலிருந்து ட்ரீ குருவியும் ஜங்கோ குருவியும் இறங்கி வந்து அந்த விதைகளைத்தான் தின்னும். ஏப்ரலில் வெட்டும்போதும் தரையோடு வெட்டாமல் ஒன்றிலிருந்து இரண்டடி வரை விட்டுவிடுங்கள். வெட்டிய தண்டின் துளை வழியாகச் சின்னக் கார்ப்பென்டர் தேனீக்கள் நுழைந்து உள்ளே முட்டையிடும்.

கேள்வி: ஒரே புல்லின் விதை ஒரு கடையில் பவுண்டு மலிவு, இன்னொரு கடையில் இரட்டிப்பு விலை. எதை நம்புவது? (வாசகர், சூ ஃபால்ஸ், தெற்கு டகோட்டா)

பவுண்டு விலையைப் பார்க்காதீர்கள், விதை மூட்டையில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். இந்தப் புல் விதையில் பஞ்சும் தூசும் நிறைய இருக்கும். சீட்டில் தூய்மை 90 சதவீதம், முளைப்பு 80 சதவீதம் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 72 சதவீதம்தான் முளைக்கக்கூடிய சுத்தமான விதை. அப்படி 10 பவுண்டு வேண்டுமென்றால் மூட்டையில் கிட்டத்தட்ட 14 பவுண்டு வாங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டபிறகு இரண்டு கடை விலையையும் ஒப்பிடுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு, புல்லும் பூவும் சேர்த்துச் சதுர அடிக்கு 40 முதல் 60 விதை என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டில் புளூஸ்டெம் பவுண்டுக்குச் சுமார் 2,40,000 விதை. ஒரு ஏக்கரில் ஒரு பவுண்டு தூவினால் சதுர அடிக்கு ஐந்தரை விழும். கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் போகக் கூடாது, போனால் முளைக்காது. கையால் தூவுவதானால் ஈரமான மணலில் கலந்துகொள்ளுங்கள். பஞ்சு விதை காற்றில் பறக்காது, தூவிய இடமும் கண்ணுக்குத் தெரியும். பாதியை வடக்கு தெற்காகவும், மீதியைக் கிழக்கு மேற்காகவும் நடந்து தூவுங்கள்.

இன்னொன்று, விதை எந்த மாவட்டத்தில் சேகரித்தது என்று கேளுங்கள். மாட்டுத்தீவனத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்கள் உயரமாக, வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கும். ஸ்விட்ச்கிராஸில் கேவ் இன் ராக் என்ற ரகம் அப்படிப்பட்டது. பனிக்காலத்தில் ஃபெசன்ட் பறவை பதுங்க அது நல்ல மறைவுதான், அதை மட்டும் ஒரு மூலையில் தனியாகப் போடலாம். பூக்கலவையோடு சேர்க்கக் கூடாது. நூறு நூற்றைம்பது மைலுக்குள் சேகரித்த உள்ளூர் விதை விலை கூடுதலாகத்தான் இருக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். நவம்பரில் விதைப்பதானால் ஆகஸ்டிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.